எந்த மாத்திரை நல்ல மாத்திரை?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் பேசச் சொன்னபோது நம் செயலாளர், "என்ன தலைப்பு அண்ணாச்சி? வருமான வரியா, மூத்த குடிமக்கள் டெபாசிட்டா?" என்று கேட்டார். 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பார்கள்? "இல்லை, வலிப்பு மாத்திரை பற்றிப் பேசப்போகிறேன்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, பேசுங்க" என்றார்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பொங்கல் விளையாட்டுப் போட்டியின்போது நம் வளாகத்துப் பையன் ஒருவன் கீழே விழுந்து கைகால் வெட்டி இழுத்தான். நாம் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றோம். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒருவர் ஸ்பூனைப் பற்களுக்கு நடுவே செருகப் பார்த்தார். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்ற வந்தார். இரண்டு நிமிடத்தில் அவன் தானாகவே தெளிந்தான். நாம் செய்ததால் அல்ல, நாம் செய்ததையும் மீறி.

அன்று மாலையே நம் வாட்ஸ்அப் குழுவில் ஆலோசனை குவிந்தது. "என் மச்சினனுக்கு எப்டாய்ன்ல சரியாச்சு." "அது பழைய மருந்து, லெவிபில் கேளுங்க." "என்கோரேட்தான் பெஸ்ட்." மறுநாள் பையனின் தாய் என் வீட்டுக்கு வந்து, "மாமா, இதுல எதுதான் நல்ல மாத்திரை? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள். என்னிடம் ஏன் கேட்டாள் என்றால், என் மகள் பதினெட்டு வருடமாக வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது அவளுக்குத் தெரியும். உங்களில் பலருக்குத் தெரியாது. இன்று என் மகளின் சம்மதத்தோடும், அந்தப் பையன் வீட்டாரின் சம்மதத்தோடும் பேசுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.காம். டாக்டர் இல்லை. இதைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ கூடாது. டாக்டரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் பேச்சு.

என் மகள் பிளஸ் டூ படித்தது 2007-ல். அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே காலையில் எழுந்ததும் கையிலிருந்து காபி டம்ளரைக் கீழே போடுவாள். சீப்பு எகிறி விழும். "கவனம் எங்கே இருக்கு?" என்று நான் திட்டுவேன். மாதிரித் தேர்வுக்காக இரவு இரண்டு மணி வரை கண்விழித்துப் படித்த ஒரு நாள் காலை, முதன்முதலாக முழு வலிப்பு வந்து விழுந்தாள். டாக்டரிடம் ஓடினோம். விழுந்ததைச் சொன்னோம். டம்ளர் விழுந்ததைச் சொல்லவில்லை. அது நோய் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. கார்பமசிபைன் என்ற மாத்திரை கொடுத்தார்கள், டெக்ரிட்டால் என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டு மாதத்தில் காலைநேர வெட்டு அதிகமாகிவிட்டது.

அடுத்துப் பார்த்த நரம்பியல் டாக்டர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளிடம்தான் கேட்டார்: "காலையில எந்திரிச்சதும் கை திடீர்னு வெட்டுமாம்மா? கையில இருக்கிறது விழுமா?" அவள் அழுதுவிட்டாள். நான் ஒரு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தது நோயைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாத்திரைகளை ஒப்பிடுவதில் முதல் பாடம் இதுதான். வலிப்பு என்பது ஒரே நோய் அல்ல. சிலருக்கு மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கும். ஒரு கை மட்டும் இழுக்கும், அல்லது சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி வாயை மெல்லுவார்கள். பிறகு அது பரவலாம், பரவாமலும் போகலாம். வேறு சிலருக்குத் தொடக்கத்திலேயே மூளை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். என் மகளுக்கு இருப்பது இந்த இரண்டாவது வகை. பதின்வயதில் தொடங்கும், தூக்கம் கெட்டால் வரும், காலையில் கை வெட்டும். கார்பமசிபைன் முதல் வகைக்கு நல்ல மருந்து. இரண்டாவது வகையில் சிலருக்கு அதுவே வெட்டை அதிகப்படுத்தும். ஃபெனிடாயினும், அதாவது எப்டாய்னும், அப்படிச் செய்யலாம். ஆக, குழுவில் "எங்க வீட்டுல சரியாச்சு" என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டுக் கணக்கு வேறு, உங்கள் வீட்டுக் கணக்கு வேறு. ஒரு பாஸ்புக்கில் உள்ள இருப்பை இன்னொரு கணக்கில் எழுத முடியுமா?

இனி ஒவ்வொரு மருந்துக்கும் வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் என்று எழுதிப் பார்ப்போம்.

இருப்பதில் மூத்தது ஃபீனோபார்பிடோன். கார்டினால் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். 1912 முதல் வலிப்புக்குப் பயன்படுகிறது. வரவு: விலை மிகக் குறைவு, பல வகை வலிப்புக்கும் வேலை செய்யும். பற்று: தூக்கம், மந்தம். சில குழந்தைகளுக்குப் படபடப்பும் படிப்பில் தடுமாற்றமும்.

அடுத்தது 1938-ல் வந்த ஃபெனிடாயின். வலிப்பை நிறுத்தும், அதிகம் தூங்கவைக்காது, விலையும் குறைவு. ஆனால் வருடக்கணக்கில் சாப்பிட்டால் ஈறு தடித்து வளரலாம், முகத்தில் முடி வளரலாம், எலும்பு பலவீனப்படலாம். இதன் அளவு விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஓரளவுக்கு மேல் போனால், மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினாலே ரத்தத்தில் அதன் அளவு திடீரென்று எகிறிவிடும். அப்போது நடை தள்ளாடும், கண் ஆடும், பேச்சு குழறும். குடித்துவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்தார் தப்பாக நினைப்பதும் நடக்கும்.

கார்பமசிபைன் 1960-களில் வந்தது. ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்குப் பல வருடம் முதலிடத்தில் இருந்தது. முதல் சில வாரங்களில் உடம்பில் தடிப்போ கொப்புளமோ வாய்ப்புண்ணோ வந்தால் அதே நாளில் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். அபூர்வமாகத் தோலே உரிந்து உயிருக்கு ஆபத்தாகும். வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம்.

வால்ப்ரோயேட்டுக்கு ஒரு கதை உண்டு. 1962-ல் பிரான்ஸில் கிரனோபிள் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் வேறு மருந்துகளைச் சோதிக்க, அவற்றைக் கரைக்கும் திரவமாக இதைப் பயன்படுத்தினார்கள். எதைக் கரைத்தாலும் வலிப்பு நின்றது. கடைசியில் பார்த்தால் வேலை செய்தது கரைத்த திரவம்தான்! என்கோரேட், வால்பாரின் என்றெல்லாம் விற்பது இதுதான். மூளை முழுவதும் பற்றும் வகைக்கு இதை விஞ்சிய மருந்து இன்னும் இல்லை என்றே சொல்கிறார்கள். பற்று: உடம்பு பருக்கும், முடி கொட்டும், கை நடுங்கும், சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். மிகப் பெரிய பற்று இன்னொன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

புதியவற்றில் நம் ஊரில் அதிகம் எழுதுவது லெவெடிராசிட்டம். லெவிபில் முதலான பெயர்களில் கிடைக்கும். மற்ற மருந்துகளோடு அதிகம் மோதாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் என்று ஏற்கெனவே டப்பா நிறைய மாத்திரை வைத்திருக்கும் நம் வயதினருக்கு இது பெரிய வசதி. சிறுநீரகம் பழுதாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். சிலருக்குக் கோபம், எரிச்சல், மனச்சோர்வு வரும். "பிள்ளைக்குத் திமிர் ஏறிப்போச்சு" என்று நினைத்துவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று லாமோட்ரிஜின். ஒரு பகுதியில் தொடங்கும் வகைக்கு நல்லது, மனதையும் அதிகம் கெடுக்காது. ஆனால் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் அளவை ஏற்ற முடியும். அவசரப்பட்டால் தோலில் தடிப்பு வரும்.

இவற்றை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் உண்டு. பிரிட்டனில் 2007-லும் 2021-லும் சானாட் என்ற பெயரில் பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. ஒரு பகுதியில் தொடங்கும் வகைக்கு லாமோட்ரிஜின் முன்னால் நின்றது. முழு மூளை வகைக்கு வால்ப்ரோயேட் முன்னால் நின்றது. புதியதான லெவெடிராசிட்டம் அதை எட்டவில்லை. புதியது என்பதாலேயே உயர்ந்தது இல்லை, விலை கூடுதல் என்பதாலேயே வீரியம் கூடுதல் இல்லை. 2019-ல் அமெரிக்காவில் இன்னோர் ஆய்வு. நிற்காமல் தொடரும் வலிப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு லெவெடிராசிட்டம், ஃபாஸ்ஃபெனிடாயின், வால்ப்ரோயேட் மூன்றையும் ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலிப்பை நிறுத்தின. மூன்றும் சமம்.

சரி, முதல் மாத்திரை கேட்காவிட்டால்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், அதுவரை மருந்தே சாப்பிடாத 470 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியிட்ட கணக்கு இது. முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் மேலும் 13 சதவீதம். அதற்குப் பிறகு மாற்றிக்கொண்டே போனதில் கிடைத்தது சொற்பம். ஆகவே பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டும் நிற்கவில்லையென்றால், வருடக்கணக்கில் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பெரிய மையத்தில் காட்டி, அறுவை சிகிச்சைக்கு வழி உண்டா என்று கேளுங்கள். நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரை திருநாள் நிலையத்தில் 1990-களிலிருந்து வலிப்புக்கான மூளை அறுவை சிகிச்சை நடக்கிறது. நாகர்கோவில் தாண்டினால் வந்துவிடும் தூரம்தான்.

மீண்டும் என் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். வால்ப்ரோயேட் ஆரம்பித்த மூன்றாவது மாதம் டம்ளர் விழுவது நின்றது. ஐந்து வருடம் ஒரு வலிப்பும் இல்லை. காலேஜ் முடித்தாள், வேலைக்குப் போனாள். 2013-ல் ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம். நானும் என் மனைவியும் ஒரு முடிவு எடுத்தோம். எங்கள் வாழ்க்கையிலேயே மோசமான முடிவு அதுதான். "அஞ்சு வருஷமா ஒண்ணும் இல்லையே, சரியாயிட்டு. நிச்சயம் முடியிற வரைக்கும் மாத்திரை வேண்டாம். யாராவது பார்த்தா என்ன நினைப்பாக?" என்று மகளிடம் சொன்னோம். அவள் தயங்கினாள். நாங்கள் வற்புறுத்தினோம்.

மாத்திரையை நிறுத்திய ஆறாம் நாள் நிச்சயதாம்பூலம். முந்தின இரவு வீடு முழுக்க உறவினர்கள், அவளுக்கு மூன்று மணி நேரத் தூக்கம்கூட இல்லை. மறுநாள் காலை, மாப்பிள்ளை வீட்டார் இன்னும் கிளம்பாத நேரம், அடுக்களையில் விழுந்தாள். தோள்மூட்டு கழன்றது. முன்பல் ஒன்று உடைந்தது. கல்யாணம் நின்றது. அந்தப் பெரியவர் போகும்போது என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சீக்கு இருக்கிறது குத்தம் இல்லை சார். மறைச்சீங்க பாருங்க, அதுதான்."

அவர் சொன்னது நியாயம். ஆனால் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு, அது அவருக்குத் தெரியாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியது. வலிப்பு மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால், முன்பைவிடக் கடுமையான, நிற்காத வலிப்புகூட வரலாம். உயிரே போகலாம். சிலருக்குச் சில வருடம் வலிப்பில்லாமல் இருந்தபின் டாக்டர் மாதக்கணக்கில் மெல்லக் குறைத்து நிறுத்துவது உண்டு. ஆனால் என் மகளின் வகை, நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும் வகை. எனக்கு அது தெரியாது. தெரிந்த டாக்டரிடம் நான் கேட்கவும் இல்லை.

2016-ல் இன்னொரு வரன். இந்த முறை முதல் சந்திப்பிலேயே மாத்திரை டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பேசினேன். அந்தப் பையன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை எத்தனை மணிக்குப் போடணும்?" என்று கேட்டான். அவன்தான் இன்று என் மருமகன். வலிப்பு உள்ளவர்களின் திருமணத்துக்குத் தடையாக இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வாசகத்தை 1999-லேயே எடுத்துவிட்டார்கள். சட்டத்திலிருந்து போனது நம் மனதிலிருந்தும் போக வேண்டும்.

இப்போது வால்ப்ரோயேட்டின் அந்தப் பெரிய பற்று. கர்ப்ப காலத்தில் இதைச் சாப்பிட்டால், பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு சுமார் 10 பேருக்கு உடல் குறை வருகிறது. 30 முதல் 40 பேருக்கு அறிவு வளர்ச்சியில் பின்னடைவு வரலாம். லாமோட்ரிஜின், லெவெடிராசிட்டம் இரண்டிலும் உடல் குறைக்கான ஆபத்து, மருந்தே சாப்பிடாத தாய்மாருக்கு இருப்பதைவிடப் பெரிதாகக் கூடுவதில்லை. பிரிட்டனில் 2018 முதல், முறையான கருத்தடைத் திட்டம் இல்லாமல் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட் கொடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். ஆகவே வலிப்பை நிறுத்துவதில் முதலிடம் பிடித்த மருந்தே ஓர் இளம்பெண்ணுக்குக் கடைசி இடம் ஆகிறது. ஒரே மருந்து, அண்ணனுக்கு வரவு, தங்கைக்குப் பற்று.

மருமகனும் மகளும் குழந்தை பற்றி யோசிக்கும் முன்பே டாக்டரிடம் போனார்கள். ஒரு வருடம் எடுத்து, ஒன்றை மெல்லக் குறைத்து, லெவெடிராசிட்டத்தை மெல்ல ஏற்றினார். அந்த வருடம் சுலபமாக இல்லை. ஒரு முறை வலிப்பு வந்தது. நாலைந்து மாதம் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தாள். மாத்திரையால் இருக்கலாம் என்று கண்டுபிடித்து டாக்டரிடம் சொன்னது மருமகன்தான். அளவைச் சரிசெய்தபின் தணிந்தது. ஃபோலிக் அமிலமும் முன்கூட்டியே ஆரம்பித்தார்கள். கர்ப்பத்தில் ரத்தத்தில் மருந்தின் அளவு குறையும் என்பதால் நடுவில் அளவைக் கூட்டினார்கள். 2018-ல் பேரன் பிறந்தான். தாய்ப்பாலும் கொடுத்தாள். வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண் உங்கள் வீட்டில் இருந்தால் பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பத்துக்கு முன்பே, முடிந்தால் ஒரு வருடம் முன்பே, டாக்டரிடம் பேசுங்கள். கார்பமசிபைனும் ஃபெனிடாயினும் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

விலை பற்றி. பழைய மருந்துகள் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கும். நம் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் வரிசை நீளம்தான், ஆனால் வரிசையில் நிற்பது வலிப்பில் விழுவதைவிட மேல். மக்கள் மருந்தகங்கள் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. கம்பெனிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அலையாமல் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வைத்துக் கேளுங்கள். ஒரு தயாரிப்பில் வலிப்பு அடங்கியிருந்தால் மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாற்ற வேண்டாம். மாற்றத்தான் வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். கையில் எப்போதும் பத்து நாளைக்கு மிச்சம் இருக்கட்டும்.

மாத்திரை சாப்பிட்டாலும் நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. குறுக்குத்துறையானாலும் பாபநாசமானாலும் தாமிரபரணியில் தனியாக இறங்கக் கூடாது. முழங்கால் தண்ணீர் போதும் ஆளைக் கொல்ல. சிலருக்குத் தலையில் சுடச்சுட வெந்நீர் ஊற்றினால் மட்டும் வலிப்பு வரும். தென்னிந்தியாவில், முக்கியமாகக் கர்நாடகத்தில், அதிகம் காணும் வகை இது. அவர்கள் தீபாவளி எண்ணெய்க் குளியலானாலும் வெதுவெதுப்பான தண்ணீரில்தான் தலைக்கு ஊற்ற வேண்டும். டாக்டர் அனுமதிக்கும் வரை வண்டி ஓட்டக் கூடாது.

வலிப்பு வந்தால் என்ன செய்வது? கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் மடித்த துண்டு வையுங்கள். வாயில் எதையும் போடாதீர்கள், தண்ணீரும் கூடாது. கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். இரும்புக்கு ஒரு சக்தியும் இல்லை, சாவியைப் பையிலேயே வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலே அடுத்தது வந்தாலோ 108. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே வீட்டில் வைத்துக்கொள்ளலாம். இந்த நாலு வரியை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டச் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, அந்தத் தாய் கேட்ட கேள்வி. எது நல்ல மாத்திரை? நான் எந்தப் பெயரும் சொல்லவில்லை. ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, கோடு போட்டுக் கொடுத்தேன். தேதி, நேரம், எத்தனை நிமிடம், முதலில் எந்தப் பக்கம் இழுத்தது, முந்தின இரவு எவ்வளவு தூக்கம், மாத்திரை தவறியதா, குணத்தில் மாற்றம் உண்டா. வலிப்பு வரும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கச் சொன்னேன். சரியான மாத்திரையைத் தேர்ந்தெடுக்க டாக்டருக்கு வேண்டியது இந்தக் கணக்குதான். வகைக்கும், வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும், கூடச் சாப்பிடும் மற்ற மருந்துகளுக்கும் பொருந்துவதே நல்ல மாத்திரை. அதையும் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டால்தான் நல்ல மாத்திரை.

போன வாரம் அந்தப் பையனின் தாய் நோட்டை என்னிடம் காட்டினாள். மூன்று பக்கம் ஒழுங்காக எழுதியிருந்தாள். 2007-ல் என் வீட்டில் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், டம்ளர் விழுந்த கணக்கு அதில் இருந்திருக்கும்.